பந்தில் கோடு போட எந்த அளவுகோல்? டேப், குவார்ட்டர் ஸ்கேல், ப்ரோ செக்ட்: ஓர் ஒப்பீடு

பவுலிங் பந்தில் (கிரிக்கெட் இல்லை, உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம்) விரல் நுழைக்க மூன்று துளை போட டிரில் மெஷினுக்குச் சில நிமிடம் போதும். அதற்கு முன்னால் கிரீஸ் பென்சிலும் (துடைத்தால் அழியும் மெழுகுப் பென்சில்) அளவுகோலும் வைத்துக்கொண்டு பந்தின் மேல் நாலைந்து கோடு இழுக்கிறோமே, அதற்குத்தான் நேரம் பிடிக்கும். பிடிக்கவும் வேண்டும்.

நான் இருப்பது மிச்சிகனில். குளிர்காலம் முழுக்க வாராவாரம் லீக் ஆடுகிறவன். சில வருடங்களாகச் சனிக்கிழமைகளில் ஒரு ப்ரோ ஷாப்பில் (பந்து விற்றுத் துளை போட்டுத் தரும் கடை) உட்கார்ந்து லேஅவுட் போடவும், அதாவது துளைகள் எங்கே வர வேண்டும் என்று பந்தில் குறிக்கவும், துளை போடவும் கற்றுக்கொண்டு, இப்போது அதே வேலையைச் செய்தும் வருகிறேன். எங்கள் லீக்கில் ஆடும் தம்பி ஒருவன் போன மாதம் கேட்டான்: "அண்ணா, கோட்டை நானே போட்டுக்கிட்டுப் போறேன், துளை மட்டும் கடையில போட்டுக்கலாம்னு இருக்கேன். எந்த டூல் வாங்கறது? டேப்பே போதும்னு ஒருத்தர் சொல்றார், ப்ரோ செக்ட் இல்லாம தொடவே கூடாதுன்னு இன்னொருத்தர் சொல்றார்." அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்கு முன்பைவிட இப்போது ஏன் கனம் கூடியிருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 ஆகஸ்ட் 1 வரை, விரல் நுழையாத நான்காவது துளை ஒன்றைப் போட அனுமதி இருந்தது. பேலன்ஸ் ஹோல் என்பார்கள். லேஅவுட் கொஞ்சம் பிசகினால், பக்க எடை கூடிப்போனால், பந்து எதிர்பார்த்தபடி திரும்பாவிட்டால், அந்தத் துளையை வைத்து ஓரளவு சரிக்கட்டலாம். அமெரிக்காவின் பவுலிங் அமைப்பான யுஎஸ்பிசி அன்று முதல் அதைத் தடை செய்துவிட்டது. பத்து பவுண்டுக்கு மேற்பட்ட பந்துகளில் எல்லாத் திசையிலும் எடை வித்தியாசம் 3 அவுன்ஸ் வரை போகலாம் என்று வரம்பைத் தளர்த்தினார்கள். கூடவே, போடுகிற ஒவ்வொரு துளையும் பிடிக்கப் பயன்பட வேண்டும் என்றார்கள். முன்பு பக்க எடைக்கு 1 அவுன்ஸ்தான் வரம்பு. ஆக, எடை கணக்கில் தலைவலி குறைந்தது. கோட்டில் தப்பு செய்தால் திருத்த வழியும் போனது. துளையை அடைத்துவிட்டு மறுபடி போடுவது ஒன்றுதான் இன்று மிச்சம்.

எதை அளக்கிறோம் என்பதும் தெரிய வேண்டும். பந்து கையை விட்டுப் போனதும் ஓர் அச்சில் சுழல்கிறது. அந்த அச்சு பந்தின் மேற்பரப்பைத் தொடும் புள்ளியை பிஏபி (பாசிட்டிவ் ஆக்ஸிஸ் பாயிண்ட்) என்கிறோம். ஆளுக்கு ஆள் அது மாறும். பிடியின் நடுவிலிருந்து பக்கவாட்டில் இத்தனை, அங்கிருந்து மேலே அல்லது கீழே இத்தனை என்று அதைக் குறிப்போம். பந்தின் உள்ளே புதைத்திருக்கும் கனமான கட்டிக்குக் கோர் என்று பெயர். அதன் தலை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் சின்ன வண்ணப்புள்ளிதான் 'பின்' (pin). சமச்சீரில்லாத கோர் என்றால் மாஸ் பயாஸ் என்ற இன்னொரு குறியும் இருக்கும். பின்னையும் மாஸ் பயாஸையும் பிஏபியிலிருந்து எவ்வளவு தூரத்தில், என்ன கோணத்தில் வைக்கிறோம் என்பதுதான் லேஅவுட். சமச்சீர் பந்தில் பின்னுக்கும் பிஏபிக்கும் நடுவே 3 3/8 இன்ச் இருந்தால் உருளும்போது பந்தில் பதியும் லேன் எண்ணெய் வளையங்கள் அதிகம் விரியும். அங்கிருந்து எந்தப் பக்கம் தள்ளிப்போனாலும் விரிவு குறையும்.

புதுப்பந்தில் இந்த வேலை தலைகீழாக நடக்கும். முதலில் பின்னை வைத்து பிஏபியைக் குறிக்கிறோம். அதன் வழியாகச் செங்குத்து அச்சுக்கோட்டை இழுக்கிறோம். பிறகு பிஏபியிலிருந்து பின்னோக்கி நடந்து பிடியின் நடுவைக் கண்டுபிடிக்கிறோம். வழியில் இரண்டு மூன்று முறை செங்கோணம் திருப்ப வேண்டும். டூல்களின் தராதரம் தெரிவது அந்தத் திருப்பங்களில்தான்.

டேப்

தையல்காரர் டேப் போல வளையும் மெல்லிய அளவுநாடாவைப் பலரும் ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. இரண்டு புள்ளிகள் ஏற்கெனவே குறித்திருந்தால், அவற்றுக்கு நடுவே இழுத்துப் பிடித்த டேப் தானாகவே குறுக்கு வழியில், அதாவது பந்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் பெருவட்டத்தில், போய்ப் படியும். துணி டேப் இழுத்தால் நீளும்; அப்படி நீளாத டேப்பாக மட்டும் இருந்தால், அந்த அளவு சரியாகவே இருக்கும்.

கோளாறு வருவது, ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்டு இன்ன திசையில் 5 இன்ச் போ என்னும்போது. டேப்புக்குத் திசை தெரியாது. கண்ணால் பார்த்துச் செங்கோணம் என்று வைக்கிறோம். அந்த இடத்தில் 3 டிகிரி பிசகினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 இன்ச் தள்ளிப் போகும்போது புள்ளி 0.2 இன்ச் மேலேயோ கீழேயோ நகர்ந்துவிடும். பிஏபி அரை இன்ச் மேலே இருக்க வேண்டியவருக்கு அது 0.3 அல்லது 0.7 ஆகிவிடுகிறது. 3 டிகிரி என்பது கண்ணுக்குத் தெரியாத பிசகு. கடிகாரத்தின் நிமிட முள் அரை நிமிடத்தில் நகரும் அளவு.

அதனால் டேப்பை நான் சரிபார்க்க மட்டும் எடுக்கிறேன். கோடு போட அதை நம்புவதில்லை.

குவார்ட்டர் ஸ்கேல்

பந்தின் வளைவுக்கே வளைத்துச் செய்த விறைப்பான அளவுகோல் இது. நீளம் 6 3/4 இன்ச். ஏன் அந்த நீளம்? பந்தின் சுற்றளவு அதிகபட்சம் 27 இன்ச் சொச்சம். அதில் கால் பங்கு 6 3/4. அதாவது இந்த ஸ்கேலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சரியாக 90 டிகிரி. ஸ்கேலின் உள்விளிம்பு முழுக்கப் பந்தில் படிந்து நின்றால் கோடு பெருவட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள்.

இதன் அழகு, கோணமானியே இல்லாமல் செங்கோணம் தருவதில் இருக்கிறது. ஒரு கோட்டின் மேல் ஒரு புள்ளி. அங்கே செங்குத்துக் கோடு வேண்டும். அந்தப் புள்ளிக்கு இரண்டு பக்கமும் கோட்டின் மேலேயே 3 இன்ச் தள்ளி இரண்டு குறி வையுங்கள். ஒவ்வொரு குறியிலும் ஸ்கேலின் ஒரு முனையை ஊன்றி, மறுமுனையால் ஒரு சின்ன வில் வரையுங்கள். இரண்டு வில்லும் வெட்டும் இடத்தையும் முதல் புள்ளியையும் இணைத்தால் அது செங்குத்து. பள்ளிக்கூடத்தில் கவராயம் வைத்துச் செய்த அதே வேலைதான், உருண்டையின் மேல்.

இரண்டு பக்கமும் சமமாக 3 இன்ச் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எல்லாப் பந்தும் 27 இன்ச் சுற்றளவு கிடையாது. விதிப்படி விட்டம் 8.5 இன்ச் முதல் 8.595 வரை இருக்கலாம். சின்னப் பந்தில் கால் சுற்று 6.68 இன்ச்தான், 6 3/4 வைத்தால் ஒரு டிகிரி கூடுகிறது. பலமுறை சாண்டிங் போட்ட, அதாவது உப்புத்தாளால் தேய்த்த, பழைய பந்தும் அப்படியே இளைத்திருக்கும். ஆனால் குறிகள் இரண்டு பக்கமும் சம தூரத்தில் இருந்தால் அந்தப் பிசகு ஒன்றையொன்று அடித்துவிடும். வெட்டுப்புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் அதே செங்குத்துக் கோட்டின் மேல்தான் விழும். ஒரு பக்கம் மட்டும் அளந்து அவசரப்படுகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

ப்ரோ செக்ட்

இது குறுக்குக் கைகளும் நடுவில் கோண அளவும் உள்ள டூல். புள்ளியின் மேல் நடுவை வைத்து, ஒரு கையை இருக்கிற கோட்டோடு பொருத்தி, வேண்டிய கோணத்தில் அடுத்த கோட்டை இழுக்கலாம். வேகத்தில் இதை அடிக்க ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு ஆறு பந்து போடுகிற கடைக்கு இது இல்லாமல் முடியாது.

என் கையில் உள்ளதில் 5 டிகிரிக்கு ஒரு கோடு. நடுவில் உள்ளதைக் கண்ணால் பிரிக்க வேண்டும். பந்து சற்று இளைத்திருந்தால் டூல் ஆடும். அதைவிட முக்கியம், பென்சிலின் தடிமன். பந்தின் பெருவட்டத்தில் ஒரு டிகிரி என்பது 0.075 இன்ச், அதாவது 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு புள்ளியிலிருந்து 2 இன்ச் தூரத்தில் கோணம் குறிக்கும்போதோ, ஒரு டிகிரி 0.034 இன்ச்சுக்குச் சுருங்கிவிடுகிறது. மழுங்கிய கிரீஸ் பென்சில் கோடு அதைவிடத் தடிமன். டூல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும், பென்சிலைச் சீவாமல் கோடு போட்டால் வீண். நான் ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் சீவுகிறேன். தப்பான கோட்டை ஆல்கஹால் துணியால் முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததைப் போடுகிறேன். அழியாத பழைய கோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் கை அதை நோக்கியே போகும்.

கோணமா, தூரமா?

டூல் எது என்பதைவிட இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் யோசித்தேன். லேஅவுட்டைச் சொல்ல இன்று இரண்டு பாஷை இருக்கிறது. ஒன்று பந்து வடிவமைப்பாளர் மோ பினல் உருவாக்கிய இரட்டைக் கோண முறை: 50 டிகிரி, 4 இன்ச், 30 டிகிரி என்பது போல. முதல் எண் பின்னில் உள்ள கோணம், நடு எண் பின்னிலிருந்து பிஏபி தூரம், கடைசி எண் பிஏபியில் உள்ள கோணம். 2021-ல் மறைந்தவர் அவர். பந்து ஏன் அப்படித் திரும்புகிறது என்று யோசிக்கிறவர்கள் இன்றும் அவர் பாஷையில்தான் பேசுகிறார்கள். மற்றது பந்து தயாரிக்கும் ஸ்டார்ம் நிறுவனம் பரவலாக்கிய பின் பஃபர் முறை: மூன்றுமே தூரம். பின்னிலிருந்து பிஏபி, மாஸ் பயாஸிலிருந்து பிஏபி, பின்னிலிருந்து செங்குத்து அச்சுக்கோடு (இதுதான் பஃபர்).

இரண்டும் ஒரே இடத்தைத்தான் சொல்கின்றன. மாஸ் பயாஸ் பின்னிலிருந்து கால் சுற்று தள்ளி இருக்கும் பந்தில், மேலே சொன்ன 50 டிகிரி, 4 இன்ச், 30 டிகிரியை உருண்டைக் கணக்கில் மாற்றினால் 4, 4 7/16, 1 3/4 இன்ச் என்று வருகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடைசிக் கோணத்தை அதே 30 ஆக வைத்துக்கொண்டு பின்னை பிஏபிக்கு 2 இன்ச் அருகில் கொண்டுவந்தால், பின்னுக்கும் அச்சுக்கோட்டுக்கும் உள்ள இடைவெளி 1 3/4 இன்ச்சிலிருந்து கிட்டத்தட்ட 1 இன்ச்சாகக் குறைந்துவிடும். கோணத்தை மட்டும் பார்த்து "போன பந்துக்கும் 30, இதற்கும் 30" என்று போடுகிறவர் இரண்டு பந்தும் ஒரே மாதிரி திரும்பும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பலர் இப்படித்தான் குழம்புகிறார்கள்.

என் முடிவு: யோசிப்பதற்குக் கோணம் நல்லது, பந்தில் குறிப்பதற்குத் தூரம் நல்லது. தூர முறைக்குக் குவார்ட்டர் ஸ்கேல் ஒன்றே போதும். பின்னில் ஊன்றி 4 இன்ச் வில், மாஸ் பயாஸில் ஊன்றி 4 7/16 இன்ச் வில். வெட்டும் இடம் பிஏபி. அடுத்து, பின்னைச் சுற்றி 1 3/4 இன்ச் ஆரத்தில் ஒரு வட்டம். ஸ்கேலின் ஒரு முனையை பிஏபியில் வைத்து, அதன் விளிம்பு அந்த வட்டத்தை உரசி நிற்கும்படி திருப்பிக் கோடு இழுத்தால் அதுதான் செங்குத்து அச்சுக்கோடு. உரசும் இடம் இரண்டு பக்கமும் கிடைக்கும். வலக்கையா இடக்கையா என்று பார்த்துச் சரியான பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் முழு லேஅவுட்டும் புரண்டுவிடும்.

ஒரு இடத்தில் மட்டும் தூர முறை கைவிடும். முதல் கோணம் 20 டிகிரிக்குக் கீழே இருக்கும் லேஅவுட்டில், அந்த இரண்டு வில்லும் ஒன்றையொன்று வெட்டாமல் ஏறக்குறைய ஒட்டியபடி ஓடும். வெட்டுப்புள்ளி எது என்று சொல்லவே முடியாது. அங்கே ப்ரோ செக்ட்டை எடுத்துக் கோணமாகவே குறிப்பதுதான் வழி. மாஸ் பயாஸ் இல்லாத சமச்சீர் பந்துக்கு இந்தக் கவலையே இல்லை. பின் தூரமும் பஃபரும் போதும்.

பிஏபி தப்பென்றால் எல்லாம் தப்பு

இதை என் சொந்த அனுபவத்தில் கற்றேன். முதல் மூன்று பந்துகளுக்கு, வேறு ஊரில் ஒரு கடையில் டேப் வைத்து அளந்து கொடுத்த "5 இன்ச் பக்கம், அரை இன்ச் மேலே" என்ற எண்ணையே நம்பினேன். பிறகு சரியாக அளந்தபோது 4 5/8 பக்கம், 3/4 மேலே என்று வந்தது. மூன்று பந்திலும் காகிதத்தில் எழுதியது ஒன்று, லேனில் உருண்டது வேறொன்று. இரண்டு சீசன் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிஏபி அளக்க, ஆர்மடில்லோ என்று அழைக்கப்படும் வளையும் டூல் இருக்கிறது. பந்தை எறிந்து, அது திரும்பி வந்ததும் எண்ணெய் வளையங்களைப் பார்த்தால் அவற்றில் ஒன்றுதான் முதல் சுற்றில் பதிந்தது. அந்த முதல் வளையத்தோடு டூலின் விளிம்பைப் பொருத்தினால் நடுத்துளை பிஏபியைக் காட்டும். கடைசி வளையத்தோடு பொருத்திவிட்டால் விடை வேறு. பெரும்பாலான தப்பு அங்கேதான் நடக்கிறது. கிடைத்த புள்ளியில் ஒரு வெள்ளை டேப் துண்டை ஒட்டி, மறுபடி எறிந்து போனில் ஸ்லோ மோஷன் எடுங்கள். கையை விட்டதும் அந்த வெள்ளைத் துண்டு தள்ளாடாமல் ஒரே இடத்தில் நின்று சுழன்றால் புள்ளி சரி. குட்டி வட்டம் போட்டால் இன்னும் கொஞ்சம் நகர்த்த வேண்டும். காசு செலவில்லாத இந்தச் சோதனை, மற்ற எல்லா டூலையும்விட எனக்கு நம்பகமானது.

கைக்கு அளவு

லேஅவுட் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் ஸ்பானை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். கட்டைவிரல் துளையின் விளிம்பிலிருந்து விரல் துளையின் விளிம்பு வரை உள்ள தூரம் அது. 1/16 இன்ச் நீண்டாலே கை பந்தை இறுக்கிப் பிடிக்க ஆரம்பிக்கும். மூன்றாவது ஆட்டத்தில் கட்டைவிரல் எரியும்.

இரண்டு வழி இருக்கிறது: பழைய பந்திலிருந்து நகலெடுப்பது, அல்லது துளைகளை நகர்த்தி மாற்றக்கூடிய ஃபிட்டிங் பந்தில் கையை வைத்துப் புதிதாக அளப்பது. நகலெடுப்பதில் இரண்டு சிக்கல். துளையின் விளிம்பைச் சரித்து மழுக்கியிருப்பார்கள், உண்மையான விளிம்பு எங்கே என்று தெரியாது. விரல் துளைக்குள் பொருத்தும் இன்சர்ட் என்ற உறையின் சுவர்த் தடிமனைச் சேர்த்த அளவா, சேர்க்காத அளவா என்பதும் குழப்பம். பழைய பந்து வலிக்காமல் நன்றாகப் பழகியிருந்தால் நகலெடுக்கலாம். வலி ஏதாவது இருந்தால் நகலெடுப்பது வலியை நகலெடுப்பதுதான்; ஃபிட்டிங் பந்துக்கு வந்துவிடுங்கள். எங்கள் ஊர் ஜனவரியில் இன்னொன்றும் உண்டு: வெளியே பனியிலிருந்து வந்தவரின் கட்டைவிரல் சுருங்கியிருக்கும். உள்ளே வந்து இருபது நிமிடம் கழித்து, முடிந்தால் ஒரு ஆட்டம் ஆடிய பிறகு அளப்பேன்.

துளை எந்தச் சாய்வில் இறங்குகிறது என்பதற்குப் பிட்ச் என்று பெயர். 1/8 இன்ச் பிட்ச் என்றால் துளையின் அச்சு பந்தின் மையத்தை 1/8 இன்ச் தள்ளிக் கடந்து போகிறது. இதைத் துளைக்குள் விடும் கேஜ் வைத்துப் படிக்கலாம், ஸ்பானைவிட எளிது.

மெஷின்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் மெஷின் வைக்கப் போகிறவர்கள் குறைவு. சாதாரண டிரில் பிரஸ்ஸில் ஜிக் (பந்தைப் பிடிக்கும் தாங்கி) வைத்துப் பந்தைச் சாய்த்துப் பிட்ச் கொடுப்பார்கள், கைத்திறமை வேண்டும். மில்லிங் மெஷினில் மேஜையை நகர்த்திப் பிட்ச் கொடுக்கலாம், அதில் டிஜிட்டல் அளவு காட்டி இருந்தால் திருகின் தளர்வால் வரும் பிசகு போய்விடும். கட்டைவிரலுக்கு நீள்வட்டத் துளை வேண்டுமென்றால் மில்லிங்தான் நேர்த்தி. கணினி இயக்கும் சிஎன்சி மெஷின் எல்லாவற்றையும் தானே செய்யும், ஆனால் பல்லாயிரம் டாலர். அதிலும் பந்தைப் பிடியின் நடுக்குறியைப் பார்த்துப் பொருத்துவது ஒரு மனிதர்தான். நீங்கள் போட்ட கோடு 1/8 இன்ச் தள்ளியிருந்தால், சிஎன்சி அந்த 1/8 இன்ச் தள்ளிய இடத்தில் மிகத் துல்லியமாகத் துளை போடும்.

யாருக்கு எது

வருடத்துக்கு ஒரு பந்து வாங்குகிறவர் டூல் எதுவும் வாங்க வேண்டாம். ஸ்லோ மோஷனில் பிஏபியைச் சரிபார்த்து எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், "என் பிஏபி இது, நீங்களும் ஒருமுறை அளந்து பாருங்கள்" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார்.

மூன்று நான்கு பந்து வாங்கி, லேஅவுட்டைத் தானே தீர்மானிக்க விரும்புகிறவருக்குக் குவார்ட்டர் ஸ்கேல், பின் பஃபர் முறை, நல்ல கிரீஸ் பென்சில். தம்பிக்கு நான் சொன்னதும் இதைத்தான். ப்ரோ செக்ட் வாங்கினால் முன் சொன்ன அந்தச் சின்னக் கோண லேஅவுட்டுகளுக்கும் கை தயார், ஆனால் முதலில் வாங்க வேண்டியது அது இல்லை. கடை வைப்பவருக்கு இரண்டும் வேண்டும், கூடவே ஆர்மடில்லோவும் ஃபிட்டிங் பந்தும். மெஷினில் மிச்சப்படுத்தினாலும் ஃபிட்டிங் பந்தில் மிச்சப்படுத்த வேண்டாம்.

தம்பி ஸ்கேல் வாங்கிவிட்டான். போன சனிக்கிழமை தானே கோடு போட்ட பந்தோடு வந்தான். துளை போடுவதற்கு முன் நான் டேப்பை எடுத்துப் பின்னுக்கும் பிஏபிக்கும் நடுவே இழுத்துப் பார்த்தேன், 4. மாஸ் பயாஸிலிருந்து 4 7/16. பிடியின் நடுவிலிருந்து அச்சுக்கோடு வரை அளந்தபோது மட்டும் 4 7/8 வந்தது. அவன் எழுதிவைத்திருந்தது 5. அந்த ஒரு கோட்டைத் துடைத்துவிட்டு அவனையே மறுபடி போடச் சொன்னேன். இரண்டாவது முறை 5 வந்தது. அதன் பிறகுதான் பந்தை மெஷினில் ஏற்றினோம்.